மழைக்காலத்தில் அருவியையும் மலைப்பாதையையும் படமெடுக்க எங்கே நிற்பது, எப்போது விலகுவது?

கேள்வி: சிறுவாணிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் வசிக்கிறேன். இதுவரை கைப்பேசியில் மட்டுமே படமெடுத்துவந்த நான், இப்போது ஒரு மிரர்லெஸ் கேமராவும் 16-35 மி.மீ. அகலக்கோண லென்ஸும் சற்றே கனமான ட்ரைபாடும் வாங்கியிருக்கிறேன். ஆடி மாதத்தில், தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்திருக்கும் சமயமாகப் பார்த்து, நண்பர் ஒருவருடன் காரில் வால்பாறைக்குச் செல்லத் திட்டம். அதன்பின் கொடைக்கானல் கீழ்மலைப் பக்கமும் போக எண்ணியிருக்கிறோம். ஷட்டர் வேகத்தைக் குறைத்து, நீர் வெண்பட்டாக வழிவதைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நல்ல வெளிச்சம் கிடைக்கும் என்பதால், விடியுமுன்பே தேயிலைத் தோட்டங்களுக்குள் நடந்துசென்று ஓடைக்கரையில் காத்திருக்கலாம் என்றும் நினைக்கிறோம்.

நான் பார்த்து வியக்கும் படங்களில் பல, ஓடையின் நடுவிலுள்ள பாறையில் நின்றோ, அருவியின் விளிம்புக்கு மிக அருகில் சென்றோ எடுக்கப்பட்டவையாகத் தெரிகின்றன. அப்படி நிற்பதற்கு உண்மையிலேயே ஏதாவது முறை இருக்கிறதா, அல்லது அவர்களுக்கு ஒன்றும் நேராமல் போனது தற்செயலா என்பது எனக்கு விளங்கவில்லை. 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டத்துப் புல்லாவெளி அருவியில், நண்பர் படம்பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இளைஞர் வழுக்கி விழுந்து இறந்த காணொளியைப் பார்த்ததிலிருந்து, என் அம்மா இந்தப் பயணத்தின் பேச்சை எடுத்தாலே கலங்கிப்போகிறார்கள். அவர்களுக்கும் சமாதானம் சொல்ல வேண்டும், எனக்கும் தெளிவு வேண்டும். ‘பார்த்துப் போங்கள்’ என்பதைத் தாண்டி, எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: அகலக்கண்

உங்கள் அம்மாவின் கலக்கம் நியாயமானது. நீங்கள் வியக்கும் படங்களைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன். நடுப்பாறையில் நின்று எடுத்த படங்களில் பலவற்றை, எடுத்தவர்கள் பெருமழையின்போது எடுக்கவில்லை. மழை ஓய்ந்து, நீர் தெளிந்து, ஓடை பாதியாகக் குறைந்தபிறகு எடுத்திருக்கிறார்கள். ஷட்டர் கால் நொடியோ அரை நொடியோ திறந்திருந்தால் மெல்லிய ஒழுக்குகூடத் தடித்த வெண்திரையாகப் பதிவாகும். ஆகவே படத்தில் தெரியும் நீரின் அளவை வைத்து, அவர் நின்ற நாளில் ஓடிய நீரின் அளவைக் கணிக்க முடியாது. அதற்கு மாறாக, வெள்ளம் கரைபுரளும் ஆடியில் அதே ஷட்டர் வேகத்தில் எடுத்தால், இழைகள் எதுவும் பிரிந்து தெரியாமல் படம் முழுவதும் வெளுத்த ஒரே பரப்பாகிவிடும். அபாயம் மிகுந்த நாள் படத்துக்கும் நல்ல நாள் அன்று என்பதை மனத்தில் வையுங்கள்.

இனி, எங்கே நிற்பது என்ற கேள்வி. கண்ணை வியூஃபைண்டரில், அதாவது கேமராவின் பார்வைத் துளையில் வைத்த நொடியிலிருந்து, காலுக்குக் கீழேயும் பக்கவாட்டிலும் இருப்பது எதுவும் உங்களுக்குத் தெரியாது. முன்னால் தெரியும் சிறிய சட்டத்துக்குள் மனம் முழுவதும் போய்விடுகிறது. உடலோ, ‘இன்னும் கொஞ்சம் தள்ளினால் அந்த வேர் சட்டத்துக்குள் வந்துவிடும்’ என்று தானாகவே அடியெடுத்து வைக்கிறது. இதற்கு நான் கைக்கொள்ளும் ஒழுங்கு, கண் கேமராவில் இருக்கும்போது பாதம் நகரக்கூடாது என்பதுதான். நகர வேண்டுமென்றால் கேமராவை மார்புக்கு இறக்கி, தரையைப் பார்த்து, ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தபின் அடுத்த காலை எடுக்க வேண்டும். பின்பக்கமாக ஓர் அடிகூட வைக்கக்கூடாது. திரையைப் பார்த்து எடுப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

உங்களிடமுள்ள 16-35 லென்ஸால் இந்த அபாயம் கூடுகிறது. அகலக்கோண லென்ஸில் அருகிலுள்ள விளிம்பும் தொலைவில் இருப்பதுபோல் சிறுத்துத் தெரியும். படத்தின் முன்பகுதி வெறுமையாக இருக்கிறதே என்று மேலும் நெருங்கத் தோன்றும். மலை விளிம்புகளில் இது மிகவும் மோசம், ஏனென்றால் புல் படர்ந்த விளிம்பின் அடியில் மண் கரைந்து வெறும் புல்வேர் மட்டுமே தாங்கிக்கொண்டிருப்பதை மேலே நிற்பவரால் பார்க்கவே முடியாது. மழைக்காலத்தில் விளிம்பிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குக் குறையாத தூரத்தில் நின்றுகொள்ளுங்கள். கால் வழுக்கி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாலும் தலை விளிம்பைத் தாண்டாத தூரம் அது.

ஓடையில் இறங்குவதைப் பற்றி. முழங்கால் அளவுதானே என்று நினைத்துத்தான் பலரும் இறங்குகிறார்கள். நீரின் வேகம் இருமடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், ஆழத்தை மட்டும் பார்ப்பது போதாது. அருவியின் கீழே நுரைத்துக் கொதிக்கும் இடத்தில் நீரோடு காற்று கலந்திருப்பதால், நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது வழக்கம்போல் மிதக்கவிடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கிய நிலையில் நீர் முதுகைத் தள்ளி முகங்குப்புறச் சாய்த்துவிட்டால், இடுப்பளவு நீரிலேயே மூச்சு நின்றுவிடும். நீரோட்டம் இழுத்துவிட்டால் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி, வேகம் குறைந்த கரையோரத்தை நோக்கிக் கைகளால் துழாவ வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஓடையைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். கேமராவைக் கழுத்தில் மாட்டாமல் பைக்குள் வையுங்கள். பையை உதறிவிட வேண்டிய நிலை வந்தால் ஒரு நொடியில் உதற முடிய வேண்டும்.

திடீர் வெள்ளம் இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில், மலைமேல் பெய்த மழையால் அருவியில் நீர் நொடியில் பெருகி 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும், மேலே நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை பெய்தால் அது உங்களிடம் வந்துதான் தீரும். நான் ட்ரைபாடை விரிக்கும் முன்பு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தலைநீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அந்தக் கல்லைப் பார்ப்பேன். அது மூழ்கினாலும், தெளிந்த நீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் திடீரென அதிகமாக மிதந்து வந்தாலும், அருவியின் ஓசை கனத்தாலும், உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். இவற்றில் ஒன்று போதும், இரண்டாவதற்குக் காத்திருக்கக்கூடாது. ட்ரைபாடை மடக்க நேரமில்லையென்றால் அது அங்கேயே கிடக்கட்டும். இந்தக் காரணத்துக்காகவே, இரண்டு நிமிடம் மூன்று நிமிடம் என்று ஷட்டரைத் திறந்து வைக்கச் சொல்லும் அடர்ந்த என்.டி. ஃபில்டர்களை (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடிகளை) ஓடைக்குள் நான் பரிந்துரைப்பதில்லை. மேகமூட்டமான வெளிச்சத்தில் ஒரு போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்), ஐ.எஸ்.ஓ. 100 என்ற குறைந்த ஒளியுணர்திறன், எஃப்11 என்ற சிறிய லென்ஸ் திறப்பு ஆகியவற்றைக் கொண்டே கால் நொடி வரை வந்துவிடலாம். ஈரப்பாறையின் மினுமினுப்பையும் போலரைசர் தணித்துவிடும்.

பாறையைப் பொறுத்தவரை, கோடையில் காய்ந்து சொரசொரப்பாக இருந்த அதே பாறையில் மழை தொடங்கியதும் பாசி பிடித்துவிடும். கருத்து மினுங்கும் இடத்தில் எந்தச் செருப்பும் நிற்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: எஸ்டேட் வாசி

நான் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றுகிறேன். நீரைப் பற்றி முன்னவர் விரிவாகச் சொல்லிவிட்டதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எங்கள் பகுதி ஆறுகளில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத கசங்கள் உண்டு. மேலே நீர் அமைதியாக, கண்ணாடிபோல் தெரியும். உள்ளே ஆளை விழுங்கும் ஆழமும் சுழலும் இருக்கும். 2023 அக்டோபரில் கோவையிலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவர்கள் 5 பேர் சோலையாறு எஸ்டேட் பக்கத்தில் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். அந்தத் துயரத்தை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. அணைக்குக் கீழேயுள்ள ஆற்றுப்படுகைகளில் மழையே இல்லாமலும் நீர் கூடும். தோட்டத் தொழிலாளர்களிடம் கேளுங்கள். ‘அங்கே இறங்காதீங்க’ என்று அவர்கள் சொன்னால் காரணம் கேட்டு வாதாட வேண்டாம்.

விடியுமுன் தேயிலைக்குள் நடப்பது என்ற உங்கள் திட்டத்தை முழுவதுமாகக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தேயிலைச் செடி இடுப்பளவுதான் இருக்கிறது, எல்லாம் தெரியும் என்று தோன்றும். ஆனால் படுத்திருக்கும் காட்டெருமையோ சிறுத்தையோ பத்தடிக்குள் வரும்வரை தெரியாது. யானைகளும் இரவில் சோலைக்காட்டுத் துண்டுகளிலிருந்து இறங்கி, விடியும்போது தேயிலை வழியாகத்தான் திரும்புகின்றன. பனிமூட்டத்தில் இருபதடி தள்ளி நிற்கும் யானையையே பாறை என்று நினைத்துவிடுவோம். எங்கள் பகுதியில் யானை அருகிலிருந்தால் எரியும்படி சில இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். குறுஞ்செய்தி எச்சரிக்கையும் உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தால் அன்றைக்கு அந்த வழி கிடையாது. நன்கு விடிந்து, பனி விலகி, தொழிலாளர்கள் இலை பறிக்க இறங்கியபிறகு, தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு செல்லுங்கள். மேகமூட்டமான ஆடி மாதத்தில் ஒன்பது மணிக்கும் ஏழு மணிக்கும் வெளிச்சத்தில் பெரிய வேறுபாடு இருக்காது.

சாலையில் யானை நின்றால் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். யானை காதை அசைத்துக்கொண்டு மேய்ந்துகொண்டிருந்தால் அது தன் போக்கில் இருக்கிறது. காது அசைவது நின்று, விரிந்து, உடல் உங்களை நோக்கித் திரும்பி, தும்பிக்கை உயர்ந்து மோப்பம் பிடித்தால், அது உங்களைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. தலையை உலுக்கினாலோ, முன்காலால் மண்ணைச் சீய்த்தாலோ நேரம் முடிந்துவிட்டது. கன்னத்தில் மதநீர் வழிந்த கறை உள்ள ஆண் யானையையும், குட்டியோடு நிற்கும் கூட்டத்தையும் எவ்வளவு தொலைவிலிருந்தும் நெருங்க வேண்டாம். யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை வரும். தேயிலைச் சரிவில் நாம் ஓடி ஜெயிக்க முடியாது. காரை விட்டு இறங்கக்கூடாது, ஹாரன் கூடாது, ஃபிளாஷ் அறவே கூடாது. எஞ்சினை அணைக்காமல் மெதுவாகப் பின்வாங்கிக் காத்திருங்கள்.

2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி–வால்பாறை சாலையில், யானை நின்றிருந்த வழியை பைக்கில் கடக்க முயன்ற ஜெர்மனி நாட்டு முதியவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பந்திப்பூரில் யானையோடு செல்ஃபி எடுக்க இறங்கியவர் மிதிபட்டும் உயிர் தப்பினார். வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. சிலர் இதை வீரமாகப் பேசுகிறார்கள். எனக்கு அந்த யானையின் மேல்தான் இரக்கம் வருகிறது, ஏனென்றால் ஓர் ஆளைத் தாக்கிய யானைக்கு அதன்பின் அந்தக் காட்டில் நிம்மதியான வாழ்வு கிடைப்பதில்லை.

கடைசியாக, கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து மேலே வர 40 வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு சாலையோரச் சுவரிலேயே நிற்கும் என்பதால், எல்லோரும் அங்கே வண்டியை நிறுத்தி, ஆட்டைப் பார்த்தபடியே சாலைக்குள் பின்னால் வருகிறார்கள். பேருந்து வளைவில் திரும்பும்போது முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். வளைவில் நிறுத்தாமல், அகலமான இடம் வந்தபிறகு நிறுத்தி நடந்து வாருங்கள். ஒருவர் படமெடுத்தால் மற்றவர் சாலையைப் பார்க்க வேண்டும்.

சிறுவாணிக்காரன்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விடியற்காலைத் திட்டத்தை விட்டுவிட்டோம். இந்தப் பதில்களை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இன்னும் இரண்டு ஐயங்கள். கொடைக்கானல் பக்கம் மலைமுனைகளில் இடிமின்னல் வந்தால், உலோக ட்ரைபாடோடு நிற்பது மின்னலை இழுக்குமா? அடுத்து, அருவியின் பிரமாண்டம் தெரிய வேண்டும் என்பதற்காக, மஞ்சள் மழைக்கோட்டு அணிந்த என் நண்பரைப் பாறைமேல் நிற்கவைத்து எடுக்க விரும்புகிறேன். அவருக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். இது சரியா?

பதில்: இரவுப்பணி

நான் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மின்னலைப் பற்றி முதலில். ட்ரைபாட் எங்கிருந்தோ மின்னலை இழுத்து வருவதில்லை. ஆனால் திறந்த முனையில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமாக நிற்பது நீங்களும் அதுவும்தான் என்றால், இறங்கும் மின்னலுக்கு நீங்களே வழியாகிறீர்கள். அது அலுமினியமா கார்பன் ஃபைபரா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும் என்பதால், 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேலேயே இறங்கலாம். அப்போதே கேமராவை விட்டுவிட்டு காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். காரின் உலோகக் கூடு மின்சாரத்தை வெளிப்புறமாகவே கடத்தித் தரைக்கு அனுப்பிவிடும். தனி மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்தபிறகே மீண்டும் வெளியே வர வேண்டும். மின்னல் தாக்கியவரைத் தொடத் தயங்க வேண்டாம், அவர் உடலில் மின்சாரம் தங்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஓடையோரப் புதர்க்கிளைகளில், கண்மட்டத்திலேயே, குழிவிரியன்கள் அசையாமல் சுருண்டு கிடக்கும். இலை நிறத்தோடு ஒன்றிப்போயிருக்கும். வழுக்கும்போது கை தானாகவே பக்கத்துக் கிளையைத்தான் பிடிக்கும். அதனால் ஒரு நடைக்கோல் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. குழிவிரியன்களுக்கு அது உரிய மருந்தன்று. இருந்தாலும், எந்தப் பாம்பு என்று தேடிப் படமெடுத்துக்கொண்டு நிற்காமல், கடிபட்ட கையை அசைக்காமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். கட்டுப்போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கேட்டையே கூட்டும்.

அட்டை கடித்தால் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் காலில் அட்டையைக் கண்டதும் ஈரப்பாறையில் உதறிக் குதிப்பதுதான் ஆபத்து. கரைக்கு வந்து, அதன் வாய் ஒட்டியிருக்கும் மெல்லிய முனையில் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்து நெம்பினால் கழன்றுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால், கடிவாய் சற்று நேரம் கசிந்துகொண்டுதான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

பாறையிலிருந்து விழுந்தவரை நான்கு பேர் கைகால்களைப் பிடித்துத் தூக்கிவரும் காட்சியை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். முதுகுத்தண்டு முறிந்திருந்தால், விழுந்ததில் தப்பிய கால்கள் அந்தத் தூக்கலில் செயலிழந்துவிடும். நீர் அபாயம் இல்லாத இடமென்றால், தலையையும் கழுத்தையும் நேராகத் தாங்கி, அசையாமல் வைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 65 கிலோமீட்டர், அதுவும் மலைப்பாதை. பல இடங்களில் கைப்பேசி சிக்னல் கிடையாது. எந்த அருவிக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அம்மாவுக்குச் சொல்லும் சமாதானங்களில் இதுதான் உண்மையில் பயன்படும்.

பதில்: அகலக்கண்

நண்பரைப் பாறையில் நிறுத்துவது பற்றி: வேண்டாம். நீச்சல் தெரியும் என்பது அருவியடியில் கணக்கில் வராது. சட்டத்துக்குள் நிற்பவரின் நிலை எடுப்பவரின் நிலையைவிட அபாயமானது. அவர் உங்களைப் பார்த்து நிற்கிறார், விளிம்பு அவருக்கு முதுகுப்பக்கம் இருக்கிறது. அருவியின் இரைச்சலில் நீங்கள் கத்துவதும் சரியாகக் கேட்காது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று நீங்கள் கையசைத்தால், உங்களை நம்பி அவர் பின்னால் அடியெடுத்து வைப்பார். நான் ஆட்களை வைத்து எடுக்கும்போது பின்னால் போகும்படி யாரிடமும் சொல்வதில்லை. இடம் மாற வேண்டுமென்றால் அவர் திரும்பி, தரையைப் பார்த்து நடந்து, நின்றபிறகே என் பக்கம் திரும்புவார். அதுவரை கேமரா இறங்கியே இருக்கும்.

நீங்கள் விரும்பும் பிரமாண்டத்தை வேறு வழியில் இன்னும் நன்றாகக் கொண்டுவரலாம். நண்பர் அருவியிலிருந்து நன்கு விலகி, பாதையிலோ தடுப்புக்கம்பிக்கு உட்புறமோ நிற்கட்டும். நீங்கள் அவரிடமிருந்து ஐம்பது அறுபது மீட்டர் பின்னால், பாதையிலேயே ட்ரைபாடை விரித்து, 150 முதல் 200 மி.மீ. வரையிலான குவிய நீளத்தில் எடுங்கள். தொலைவிலிருந்து எடுக்கும்போது முன்னால் நிற்பவருக்கும் பின்னாலுள்ள அருவிக்கும் இடைப்பட்ட வெளி சுருங்கிப்போய், நீர்ச்சுவர் அவர் தோளுக்குப் பின்னாலேயே எழுந்து நிற்பதாகத் தெரியும். மஞ்சள் கோட்டு அந்த வெண்மையில் துலங்கும். பாறைமேல் நிறுத்தி 16 மி.மீ.யில் எடுத்தால், அருவி சிறுத்து எங்கோ பின்னால் போயிருக்கும். ஆள் இருக்கும் படத்துக்கு ஷட்டரைக் கால் நொடிக்கு மேல் நீட்ட வேண்டாம், காற்றில் கோட்டு அசைந்து கலங்கிவிடும். இதற்காக உடனே புது லென்ஸ் வாங்கத் தேவையில்லை, 70-200 மி.மீ. லென்ஸ் நாள்வாடகைக்குக் கோவையிலேயே கிடைக்கும். எடுத்துச் செல்லும் முன்பு ட்ரைபாட் காலர் (கனமான லென்ஸை ட்ரைபாடில் பொருத்தும் வளையம்) அதனோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.